வழிகாட்டியுடன் ஒரு நகர்நடை: மதுரை வீதிகளில் கற்ற பாடம்

எம்மிடம் ஓதி ஸனது பெற்று, இன்று வளைகுடா நாடொன்றில் பணியாற்றும் மாணவர் ஒருவர், விடுமுறையில் குடும்பத்துடன் இத்தாலியின் பலர்மோ நகருக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்ததும் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், எங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று தனியாக ஒரு வழிகாட்டி அம்மையாரை அமர்த்தியிருந்தோம். மூன்று மணி நேரம் நடந்தே ஊரைக் காட்டினார். பெரிய தேவாலயத்தின் தென்புற வாயில் மண்டபத்தில் ஒரு தூணருகே நிறுத்தி, 'உங்களுக்கு அரபி தெரியுமல்லவா, இதைப் படியுங்கள்' என்றார். பார்த்தால் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 54ஆம் வசனம்! தேவாலயத் தூணில் குர்ஆன் வசனம். அதை எனக்குக் காட்டியவர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. நம் நாட்டில் இப்படி நடத்திக் காட்ட யாராவது இருக்கிறார்களா?"

இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. விடை தேடி மதுரை வீதிகளில் ஒரு காலைப் பொழுது நடந்தேன். அந்நடையில் கற்றவற்றையும், இத்தகைய நகர்நடை எவ்வாறு அமைகிறது, அதனை நாம் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகர்நடை என்பது யாது?

பேருந்தில் ஐம்பது பேரை ஏற்றிச் சென்று, இடத்துக்குப் பத்து நிமிடம் எனக் காட்டிவிட்டுத் திரும்புவது பொதுச் சுற்றுலா. அதில் காண்பவர் பலர், கேட்பவர் சிலர், வினவுபவர் எவருமிலர். தனி நகர்நடை இதற்கு மாறானது. ஒரு குடும்பமோ நண்பர் குழுவோ முன்கூட்டியே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்கிறது. நேரம், தொலைவு, காண வேண்டிய இடங்கள் ஆகியவற்றை இருதரப்பும் பேசி முடிவு செய்கின்றன. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மணி நேரம், மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவு. பயணியின் மொழி, வயது, ஆர்வம் ஆகியவற்றுக்கேற்ப வழிகாட்டி தம் பேச்சை அமைத்துக்கொள்கிறார். மருத்துவர் வந்தால் பழைய மருத்துவமனையைக் காட்டுவார். அரபி அறிந்தவர் வந்தால் அரபிக் கல்வெட்டைக் காட்டுவார். பலர்மோவில் நிகழ்ந்தது அதுவே.

இத்தாலியில் இத்தொழில் உரிமம் பெற்றோர்க்கே உரியது. நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு, ஒரே பதிவேடு என 2023ஆம் ஆண்டில் அந்நாடு புதிய சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் மத்திய சுற்றுலா அமைச்சகம் வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. ஆயினும் ஒரு நகரின் தெருக்களை நடத்திக் காட்டும் பணி, உரிமம் பெற்றவர் கையிலும் பெறாதவர் கையிலும், தன்னார்வலர் கையிலுமாகப் பரவிக் கிடக்கிறது. மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்திவரும் 'பசுமை நடை' கட்டணத் தொழிலன்று. சுற்றுவட்டாரக் குன்றுகளுக்கும் சமணக் குகைகளுக்கும் மக்களை அழைத்துச் சென்று அறிஞர்களைக் கொண்டு விளக்கும் ஓர் இயக்கம்.

நம் மரபில் வழிகாட்டி

நகர்நடை மேனாட்டாரின் கண்டுபிடிப்பு என எண்ணுவோர் உண்டு. இஸ்லாமியப் பண்பாட்டில் அதற்குத் தொன்மையான வேர்கள் உள்ளன. மக்காவுக்கு வரும் ஹாஜிகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று தவாஃபும் ஸஃயும் செய்விக்கும் 'முதவ்விஃப்' என்பவரை நம் முன்னோர் நன்கறிவர். எகிப்தின் கெய்ரோ நகரை ஒட்டிய கராஃபா என்னும் பெரும் அடக்கத்தலத்தில், மக்களைக் குழுக்களாக அழைத்துச் சென்று ஒவ்வொரு கப்ரின் முன்னும் நின்று, அங்கு அடங்கியுள்ளாரின் வரலாற்றைச் சொல்லும் ஷெய்குகள் இடைக்காலத்தில் இருந்தனர். அவர்களுக்கென வழிநூல்களே எழுதப்பட்டன. ஹிஜ்ரி 615இல், அதாவது கி.பி. 1218இல், மறைந்த முவஃப்பகுத்தீன் இப்னு உஸ்மானின் 'முர்ஷிதுஸ் ஸுவ்வார்' அவற்றுள் ஒன்று. எவ்வழியே நுழைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்த ஒழுக்கத்தைப் பேண வேண்டும் என்பனவெல்லாம் அவ்வகை நூல்களில் உண்டு.

எனவே வழிகாட்டியும் புதியவரல்லர், வழிநூலும் புதிதன்று. நமக்கு மறந்துபோனது, நடந்து கற்கும் பழக்கமே.

பலர்மோ காட்டும் பாடம்

மதுரைக்குச் செல்லுமுன் பலர்மோவைச் சிறிது அறிந்துகொள்வது பயன்தரும். கி.பி. 831இல் அந்நகர் முஸ்லிம்கள் வசமாயிற்று. 1072இல் நார்மானியர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி மாறியபின்னும் அரபி மொழி அரசவையை விட்டு அகலவில்லை. இரண்டாம் ரோஜர் மன்னருக்காக அல்இத்ரீஸீ தம் புகழ்பெற்ற புவியியல் நூலை 1154இல் முடித்தது அங்கேதான். 1184ஆம் ஆண்டின் இறுதியில் கப்பல் விபத்திலிருந்து தப்பிச் சிசிலியில் கரையேறிய இப்னு ஜுபைர், பலர்மோவின் கிறிஸ்தவப் பெண்டிர் முஸ்லிம் பெண்டிரைப் போன்றே உடுத்தியிருந்ததை வியந்து எழுதியுள்ளார்.

நகரின் பழந்தெரு இன்றும் 'கஸ்ஸாரோ' எனப்படுகிறது. அது 'அல்கஸ்ர்', கோட்டை என்னும் அரபுச் சொல். கடலோரப் பகுதியின் பெயர் 'கல்ஸா', அது 'அல்காலிஸா'. 1149ஆம் ஆண்டில் ஒரு பாதிரியார் தம் தாயின் நினைவாக வைத்த கல்லறைப் பலகையில் இலத்தீன், கிரேக்கம், அரபி, எபிரேய எழுத்தில் எழுதிய அரபி என நான்கு வகை எழுத்துகள் உள்ளன. இந்நகரின் அரபு நார்மானியச் சின்னங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

இங்கு நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்று அவ்வூர் வழிகாட்டிகள் முஸ்லிம்களின் காலத்தை மறைப்பதில்லை. அதனைத் தம் ஊரின் செல்வமாகவே எடுத்துச் சொல்கின்றனர். அதே வேளையில் போர்களும் வெளியேற்றங்களும் அந்நகர வரலாற்றில் இல்லாமலும் இல்லை. இரண்டையும் ஒருங்கே சொல்லும் பக்குவமே வழிகாட்டிக்கு உரிய கல்வி.

மதுரையில் ஒரு காலை

சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து தென்மாவட்டங்களுக்குப் பேருந்துகள் புறப்படும். இறுதி வகுப்பு மாணவர் மூவருடன் இரவில் ஏறி, பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கியபோது ஃபஜ்ருத் தொழுகைக்கு நேரமிருந்தது. தொழுதுவிட்டு, பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் பழைய கோட்டையின் மேற்கு வாயிலுக்குச் சென்றோம். முன்பே பேசி அமர்த்தியிருந்த வழிகாட்டி அங்குக் காத்திருந்தார். முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர்; வரலாற்றில் பட்டம் பெற்றவர்; மதுரைக்காரர்.

"ஐயா, மதுரையில் கோட்டை என்று இப்போது மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்" எனத் தொடங்கினார். நாயக்கர் காலக் கோட்டை மதில்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரிவாக்கினார். மதில் நின்ற இடத்தில் எழுந்தவையே வெளி வீதிகள். அவற்றையொட்டிய பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அப்பணியில் ஈடுபட்டோரின் பெயரைத் தாங்கியவை. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்திருப்பதை அவர் தரையில் குச்சியால் வரைந்தே காட்டினார். நூலில் படித்தபோது என் மாணவர்க்கு விளங்காதது, அந்தக் கோடுகளில் விளங்கிற்று.

அங்கிருந்து காஜிமார் தெருவுக்கு நடந்தோம். 'காஜிமார்' என்னும் பெயரைப் பற்றி வழிகாட்டி ஒன்றும் சொல்லாமையால் நான் சொன்னேன். "தம்பி, 'காளீ' என்பது நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல். நாம் அதைக் 'காஜி' என்கிறோம். அதனுடன் 'தாய்மார்', 'அண்ணன்மார்' என்பனவற்றில் வரும் தமிழ்ப் பன்மை விகுதி சேர்ந்திருக்கிறது. அரபுப் பெயரும் தமிழ் விகுதியும் கூடிப் பிறந்த தெரு இது." அவர் உடனே தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பலர்மோவின் கஸ்ஸாரோவுக்கு மதுரையின் காஜிமார் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

அத்தெருவிலுள்ள பெரிய பள்ளிவாசலை அரபு நாட்டிலிருந்து வந்த காஜி சையிது தாஜுத்தீன் அவர்கள், பாண்டிய மன்னரிடம் நிலம் பெற்று அமைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. வழிகாட்டியும் அவ்வாறே சொன்னார். "இது மரபுச் செய்தி" என அவர் சேர்த்துச் சொன்னது எனக்கு மகிழ்வளித்தது.

மனம் கலங்கிய இடம்

சித்திரை வீதியில் நிற்கையில்தான் அந்தக் கணம் வந்தது. கோபுரத்தைக் காட்டிய வழிகாட்டி, "சுல்தான்கள் ஆட்சியில் 48 ஆண்டுகள் இக்கோயில் மூடப்பட்டிருந்தது. மதுரைக்கு அது இருண்ட காலம்" எனச் சொல்லிச் சற்றுத் தயங்கினார். எங்கள் தொப்பிகளையும் தாடிகளையும் கண்டு வந்த தயக்கம் அது. என் மாணவருள் ஒருவர் முகம் சிவந்து, "அதெல்லாம் பிற்காலத்தில் கட்டிய கதை. எந்த முஸ்லிமும் அப்படி எழுதவில்லை" என்றார். வழிகாட்டி வாய்மூடினார். இருவரும் என்னைப் பார்த்தனர்.

இத்தகைய வேளையில் ஆசிரியருக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. மாணவரின் பக்கம் நின்று மறுத்துவிடலாம். அல்லது சிரித்து மழுப்பிப் பேச்சை மாற்றலாம். ஆனால் நான் அந்த நூலை அரபியிலேயே படித்தவன். படித்ததை மறைப்பது அமானிதத்துக்கு மாறு. எனவே தெருவோரத் தேநீர்க் கடையில் அமர்ந்து, உள்ளதைச் சொன்னேன்.

தில்லியின் முஹம்மது இப்னு துக்ளக்கிடம் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஏறத்தாழ 1335இல் தனியரசை நிறுவினார். அவர் மகளைத் தில்லியில் மணந்தவர் இப்னு பதூதா. இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் சேதமுற்று இப்னு பதூதா மஅபர் கரையை அடைந்தபோது, அரியணையில் இருந்தவர் கியாதுத்தீன் தாமகானீ. அவரும் அஹ்ஸனின் மற்றொரு மகளை மணந்தவர். அம்முறையில் மன்னரும் பயணியும் உறவினர். ஆயினும் கியாதுத்தீன் சிறைப்பட்ட எளிய மக்களையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா தம் 'ரிஹ்லா'வில் மறைக்காமல் எழுதினார். வேறெந்த மன்னரும் செய்யக் கண்டிராத இழிசெயல் என்று அதனைக் கண்டித்தார். இறைவன் அவருடைய முடிவை விரைவுபடுத்தியதற்கு அதுவே காரணம் என்றும் கருதினார். அகன்ற வீதிகளைக் கொண்ட பெருநகர் என மதுரையை வருணிக்கும் அதே பக்கங்களில், கொள்ளைநோயால் சில நாள்களுக்குள் மாந்தர் மடிந்ததையும், மன்னரின் மகனும் தாயும் இறந்து பின் மன்னரே மாண்டதையும் பதிவு செய்துள்ளார். அந்நூல் ஹிஜ்ரி 756இல், கி.பி. 1355இல், மொரோக்கோவில் நிறைவுற்றது.

"எழுதியவர் முஸ்லிம், காஜியாகப் பணியாற்றியவர், மன்னருக்கு உறவினர். அவரே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?" என மாணவரிடம் கேட்டேன். அவர் தலைகுனிந்தார்.

பிறகு வழிகாட்டியிடம் திரும்பி, "தம்பி, நீங்கள் சொன்னதிலும் திருத்தம் உண்டு. 48 என்பது கோயில் மரபு வரலாறுகள் சொல்லும் கணக்கு. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்தார். இறுதிச் சுல்தானின் நாணயம் ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1378ஐ ஒட்டிக் கிடைக்கிறது. அதைக்கொண்டு பார்த்தால் 43 ஆண்டுகளே. அதைவிட முக்கியம் ஒன்று. மதுரையில் முஸ்லிம்களின் வரலாறு அந்த 43 ஆண்டுகள் மட்டுமன்று. அதற்கு முன்னும் வணிகராய், குடிகளாய் இந்நாட்டில் இருந்தார்கள், பின்னும் இருக்கிறார்கள். ஒரு சுல்தானின் கொடுமையை ஒரு சமுதாயத்தின் முகவரியாக்குவது நீதியாகாது" என்றேன்.

"ஐயா, அந்தப் பயணி இப்படி எழுதியிருக்கிறார் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை" என்றார் அவர். சொல்லாதது எவர் குற்றம் என எண்ணிப் பார்த்தேன். அரபி படித்தவர் நாம்; அதனைத் தமிழில் தெருவுக்குக் கொண்டுவராதவரும் நாமே.

மஹாலும் கோரிப்பாளையமும்

திருமலை நாயக்கர் மஹாலில் (1636) எங்கள் உரையாடல் இலகுவாயிற்று. "இதை வரைந்தவர் ஓர் இத்தாலியச் சிற்பி என்பார்கள்" என்றார் வழிகாட்டி. "யார் சொன்னது?" என்று கேட்டார் சற்றுமுன் தலைகுனிந்த அதே மாணவர். வழிகாட்டி சிரித்துவிட்டு, "எனக்குப் பயிற்சி தந்தவர் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் எனத் தெரியாது" என்றார். தொடர் அறுந்த அறிவிப்பு, அதாவது 'முன்கதிஃ', என மாணவர் என் காதில் கூறினார். சிற்பி எவராயினும், அங்குள்ள பெருந்தூண்களின் மேல் எழும் கூர்வளைவுகளும் குவிமாடங்களும் தக்காண முஸ்லிம் அரசுகளின் கட்டடக் கலையோடு உறவுடையவை என்பதைக் கண்ணாலேயே காணலாம். கோயில் திருப்பணிகளுக்குப் பெயர்பெற்ற மன்னர் தம் அரண்மனைக்கு அவ்வமைப்பைத் தேர்ந்தார். கலைக்கு மதில் இல்லை.

1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே வைகையைக் கடந்து கோரிப்பாளையம் சேர்ந்தோம். 'கோரி' என்பதைக் கோரி வமிசத்தோடு தொடர்புபடுத்துவார் உண்டு. பாரசீகத்தில் 'கோர்' என்றால் அடக்கத்தலம். சுல்தான்கள் அலாவுத்தீன், ஷம்சுத்தீன் இருவரின் அடக்கத்தலமாகப் போற்றப்படும் தர்காவைச் சுற்றி எழுந்த ஊருக்கு இப்பொருளே மிகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

இத்தர்காவைச் சார்ந்த 1573ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, வழிகாட்டியின் குறிப்பேட்டில் இல்லாதது. முற்காலத்தில் கூன் பாண்டியனிடமிருந்து தர்காவுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட ஊர்களின் உரிமையை வீரப்ப நாயக்கர் உறுதி செய்த செய்தி அதிலுள்ளது. சுல்தான்களை வென்ற விஜயநகரத்தின் வழிவந்தவர்கள் நாயக்கர்கள். அவர்களே, அவ்வெற்றிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சுல்தான்களின் அடக்கத்தலத்துக்குரிய நிலத்தைக் காத்துக் கொடுத்தனர். சித்திரை வீதியில் கேட்ட கதையோடு இதனையும் சேர்த்துச் சொன்னால்தான் மதுரையின் வரலாறு முழுமை பெறும். வழிகாட்டி இதனை இருமுறை கேட்டு எழுதிக்கொண்டார்.

அமர்த்துவோர்க்குச் சில குறிப்புகள்

இந்நடையில் கண்டவற்றைக் கொண்டு, வாசகர்க்குப் பயன்படுமெனக் கருதுவனவற்றைத் தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, புறப்படுமுன் படித்துவிட்டுச் செல்ல வேண்டும். ஒன்றும் அறியாதவர்க்கு வழிகாட்டி கதைசொல்லி மட்டுமே. சிறிதளவேனும் அறிந்தவர்க்கு அவர் உடன் மாணாக்கர்.

இரண்டாவது, காண விரும்பும் இடங்களை நாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நாம் கேளாவிடின் காஜிமார் தெருவும் கோரிப்பாளையமும் வழக்கமான பட்டியலில் இடம்பெறுவது அரிது. கேட்பவர் பெருகினால் பட்டியல் தானே மாறும்.

மூன்றாவது, மூன்று வகைச் செய்திகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். கல்வெட்டிலும் நாணயத்திலும் உள்ளது ஒன்று. நூலாசிரியர் எழுதி வைத்தது ஒன்று. வாய்மொழி மரபு ஒன்று. மூன்றுக்கும் மதிப்புண்டு, ஆனால் ஒரே மதிப்பில்லை. ஹதீஸ் கலையில் 'உமக்கு இதைச் சொன்னவர் யார்?' எனக் கேட்கும் இஸ்னாத் மரபு நம்முடையது. கப்ருகளைப் பற்றியும் வலிமார்களைப் பற்றியும் நம்மிடையே வழங்கும் செய்திகளையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். பிறர் கதையை மட்டும் நிறுத்துப் பார்ப்பது நேர்மையாகாது.

நான்காவது, வழிகாட்டி தவறாகச் சொன்னால் அவமதிக்கலாகாது. அவர் கற்றதைச் சொல்கிறார். நாளை அவரைத் தொடர்ந்து நூறு பேர் நடக்கப்போகிறார்கள். அவரிடம் பணிவுடன் சேர்க்கும் ஒரு செய்தி நூறு பேரைச் சென்றடையும்.

ஐந்தாவது, அரபிக் கல்லூரிகள் இத்துறையில் நுழைய வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, மதுரை எங்கணும் அடக்கத்தலக் கற்களில் அரபி எழுத்துகள் உள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் மாணவர்களே. திருப்பணியின்போது பூச்சுக்கும் வண்ணத்துக்கும் அடியில் எழுத்து மறைந்துவிட்டால் பின்னர் எவராலும் மீட்க இயலாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர்களைக் கூட்டிச் சென்று, ஒரு கல்லைப் படித்துப் படியெடுத்து, தமிழில் பொருள் எழுதி அந்தந்த ஜமாஅத்திடம் ஒப்படைத்தால், அதுவே நிலைத்த தொண்டாகும்.

மாலையில் மீண்டும் ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினோம். திண்டுக்கல் கடந்ததும் அந்த மாணவர் என்னருகே வந்தமர்ந்து, "ஹஜ்ரத், ரிஹ்லாவில் மதுரையைப் பற்றிய பகுதியை நான் தமிழில் பெயர்க்கட்டுமா? அந்த அண்ணனுக்கு ஒரு படி அனுப்ப வேண்டும்" என்றார். பெயர்க்கும்போது எந்த வரியையும் விடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். சிங்காநல்லூரில் இறங்கும்வரை அவர் உறங்கவில்லை. நூலைத் திறந்துவைத்துச் சொற்பொருள் கேட்டுக்கொண்டே வந்தார்.

பலர்மோ சென்றுவந்து அழைத்த பழைய மாணவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடிகிறது. நம் நாட்டிலும் நடத்திக் காட்டுவோர் இருக்கிறார்கள். தூணில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல நாம் அவர்களுடன் நடக்க வேண்டும்.